இத்தாலியக் கிராமத்து முயல் கறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே வரும் அளவுகள் எல்லாம் தோலுரித்துக் குடல் நீக்கிய, 1.3 கிலோ எடையுள்ள பண்ணை முயல் ஒன்றுக்கு. நான்கைந்து பேர் சாப்பிடலாம்.

இந்தச் சமையலை ‘கச்சாத்தோரா’ என்கிறார்களே, அது தக்காளிக் குழம்புதானே?

இல்லை. அந்தச் சொல்லுக்கு ‘வேட்டைக்காரர் பாணி’ என்று பொருள். ஆனால் சட்டியில் விழுவது பெரும்பாலும் கொல்லைப்புறக் கூண்டில் வளர்ந்த முயல்தான். புல்லும் காய்கறித் தோலும் போட்டால் போதும், மேய்ச்சல் நிலம் வேண்டாம். ஒரு முயலை அடித்தால் ஒரு குடும்பத்துக்கு ஒருவேளைக்குச் சரியாக இருக்கும். மிச்சத்தை உப்புக்கண்டம் போடும் வேலையும் இல்லை. பன்றி அடிப்பது குளிர்காலத்தில் ஒருமுறை. முயலோ விருந்தாளி வந்தால் எந்த மாதத்திலும்.

வட இத்தாலியில் வெங்காயம், கேரட், செலரி வதக்கித் தக்காளி சேர்ப்பார்கள். உம்பிரியா, மார்க்கே, லாசியோ போன்ற நடுப்பகுதிகளில் பல வீடுகளில் தக்காளி கிடையாது. பூண்டு, ரோஸ்மேரி, வெள்ளை ஒயின், வினிகர், ஆலிவ், அவ்வளவுதான். இங்கே அடிப்படையாக எடுத்துக்கொண்டிருப்பது இந்த இரண்டாவது வகை. தக்காளி போட்டால் பாதித் தவறுகள் மறைந்துவிடும். இதில் ஒன்றும் மறையாது, அதனால் கற்றுக்கொள்ள இதுவே நல்லது.

எப்படிப்பட்ட முயலாகப் பார்த்து வாங்குவது?

சுமார் மூன்று மாத வயது, உரித்த எடை 1.2 முதல் 1.5 கிலோ. கறி வெளிர் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். சிறுநீரகத்தைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு கொஞ்சம் தெரிந்தால் நல்ல தீனி தின்றது என்று அர்த்தம். எடை 2 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலும் முதிர்ந்த முயல். அதை ஒதுக்க வேண்டியதில்லை, நேரத்தை மட்டும் இரட்டிப்பாக்குங்கள்.

தமிழ்நாட்டில் நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மலையின் மன்னவனூரிலும் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையங்கள் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் போன்ற கறி ரகங்களை வளர்க்கின்றன. அந்த ரக முயல்கள் இந்தச் சமையலுக்கு நன்றாகவே பொருந்தும்.

காட்டு முயல் கிடைத்தால்?

வேண்டாம். நம் காடுகளிலும் வயல்வெளிகளிலும் ஓடுவது வேறு இனம். அதை வேட்டையாடுவது 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சமையல் கணக்கிலும் ஒத்துவராது: அதன் கறி கருஞ்சிவப்பு, வாடை அதிகம். இத்தாலியர்களே அதை ‘லேப்ரே’ என்று தனிப் பெயரிட்டு, சிவப்பு ஒயினில் ஊறவைத்து, வேறு விதமாகத்தான் சமைக்கிறார்கள்.

எத்தனை துண்டு போடுவது? கடையில் கோழி மாதிரி நறுக்கித் தருகிறார்களே?

அப்படி வாங்காதீர்கள். முயலின் எலும்பு மெல்லியது. கத்தியால் கண்ட இடத்தில் வெட்டினால் ஊசிபோலச் சிம்பு சிம்பாக உடைந்து கறிக்குள் போய்விடும். பிறகு குழம்பில் அதைத் தேடிப் பொறுக்க முடியாது. முழுதாக வாங்கி வீட்டில் பிரியுங்கள், பத்து நிமிட வேலை.

முன்னங்கால்களை உடம்போடு இணைக்கும் எலும்பு மூட்டு இல்லை, தோள்பட்டை தசையால் மட்டும் ஒட்டியிருக்கும். காலைத் தூக்கிப் பிடித்துச் சிறிய கத்தியை விலாவோடு ஒட்டி ஓட்டினால் தானாகக் கழன்று வரும். பின் தொடையை வெளிப்புறமாக மடக்கினால் இடுப்பு மூட்டு ‘டொக்’ என்று விலகும். அந்த இடைவெளியில் அறுங்கள். மீதி இருப்பது விலாவும் முதுகும். முதுகை முதுகெலும்புக் கணுக்களின் நடுவே மூன்று துண்டுகளாக வெட்டுங்கள். முதலில் கத்தியால் கறியைச் சுற்றி அறுத்துவிட்டு, பிறகு கையால் முறித்தால் சிம்பு வராது. தொடையை முட்டியில் இரண்டாக்கலாம். ஆக மொத்தம் பத்துப் பன்னிரண்டு துண்டு.

இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. முதுகின்மேல் வெள்ளிபோல மின்னும் சவ்வை உரித்துவிடுங்கள். விட்டால் சூட்டில் சுருங்கித் துண்டை வளைத்துவிடும். ஈரலில் பச்சையாக ஒட்டியிருக்கும் பித்தப்பையை உடையாமல், கொஞ்சம் ஈரலோடு சேர்த்தே அறுத்து எறியுங்கள். அது உடைந்தால் சட்டி முழுக்கக் கசக்கும், மீட்கவே முடியாது. ஈரலையும் சிறுநீரகத்தையும் தனியாக எடுத்து வையுங்கள்.

வினிகரில் ஊறவைப்பது அவசியமா?

வாடை பிடிக்காதவர்களுக்கு மட்டும். 1 லிட்டர் தண்ணீரில் 100 மில்லி வினிகர் கலந்து 30 நிமிடம், அதற்குமேல் வேண்டாம். இரவெல்லாம் ஊறினால் மேல்பகுதி வெளுத்து ரப்பராகும். எடுத்ததும் துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் போகத் துடையுங்கள். பண்ணை முயலுக்கு இந்த ஊறலே தேவையில்லை என்பது எங்கள் கட்சி. அடுத்த கேள்வியில் வருவதுதான் உண்மையில் வாடையை எடுக்கிறது.

எண்ணெய் ஊற்றாமலேயே கறியைச் சட்டியில் போடச் சொல்கிறார்களே, ஏன்?

தண்ணீரை வெளியேற்ற. இத்தாலியப் பாட்டிமார் இதை ‘முயலைத் தண்ணீர் விடச் செய்வது’ என்பார்கள். அகலமான, அடி கனத்த சட்டியில் துண்டுகளை மட்டும் பரப்பி, மூடி, நடுத்தரத் தீயில் 8 முதல் 10 நிமிடம் வையுங்கள். எண்ணெய் வேண்டாம், உப்பும் வேண்டாம். சாம்பல் நிற நுரையோடு தண்ணீர் தேங்கும். வாடை அதில்தான் இருக்கிறது. அதைக் கொட்டிவிட்டுச் சட்டியைத் துடைத்துவிடுங்கள்.

ஆட்டுக்கறி சமைக்கிறவர்களுக்கு இது கைக்கு வராத பழக்கம். நாம் கறி விடும் தண்ணீரிலேயே அதை வேகவைப்போம். ஆனால் ஆட்டுக்கறியில் கொழுப்பு உண்டு, முயலில் ஏறக்குறைய இல்லை. மேலே ஈரம் இருக்கும்வரை கறியின் வெளிப்புறச் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, தாண்டாமல் சிவக்காது. சிவக்காத முயல் வெறும் அவித்த கறி, அதற்கு மணமே வராது.

சரி, முழுச் செய்முறையைச் சொல்லுங்கள்.

வேண்டியவை: ஆலிவ் எண்ணெய் 5 மேசைக்கரண்டி; பூண்டு 6 பல், தோலோடு நசுக்கியது, கூடவே உரித்தது 1 பல்; ரோஸ்மேரி விரல் நீளத்தில் 2 கொத்து; சேஜ் இலை 6; லாரல் இலை 2; இனிப்பில்லாத வெள்ளை ஒயின் 200 மில்லி; வெள்ளை ஒயின் வினிகர் 2 மேசைக்கரண்டி; கறுப்பு ஆலிவ் 80 கிராம்; எண்ணெயில் ஊறிய ஆன்சோவி மீன் 2 துண்டு; கேப்பர் (உப்பில் ஊறிய சிறு பூமொட்டு) 1 மேசைக்கரண்டி, உப்பைக் கழுவியது; சூடான கோழிச் சாறு அல்லது வெந்நீர் 300 மில்லி; உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி; மிளகு.

தண்ணீர் விட்டு முடிந்த கறி தயாராக இருக்கட்டும். துடைத்த சட்டியில் எண்ணெய், தோலோடு உள்ள பூண்டு, மூலிகைகள். மணம் எழுந்ததும் கறியை ஒற்றை அடுக்காகப் பரப்பி உப்புப் போடுங்கள். இடம் போதவில்லையானால் இரண்டு தவணையாகச் செய்யுங்கள், குவிக்காதீர்கள். 12 முதல் 15 நிமிடம், பக்கத்துக்கு ஒருமுறை திருப்பினால் போதும். நோண்டிக்கொண்டே இருந்தால் சிவப்பு ஏறாது. எல்லாம் பொன்னிறமானதும் முதுகுத் துண்டுகளை மட்டும் எடுத்துத் தட்டில் வையுங்கள். பூண்டு கறுத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

இப்போது தீயைக் கூட்டி ஒயினை ஊற்றுங்கள். மூடக் கூடாது. அடியில் ஒட்டியதைக் கரண்டியால் சுரண்டிவிடுங்கள். 5, 6 நிமிடத்தில் சத்தம் மாறும்: முதலில் ‘களகள’, பிறகு எண்ணெய் மேலே வந்து ‘சடசட’. முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் மூக்கைக் குத்தும் நெடி போயிருக்க வேண்டும். அதுவரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

தீயைக் குறைத்து, மூடியைச் சற்றே திறந்து வைத்து, 50 நிமிடம். சாறு ஒரு கரண்டி மட்டும், அதாவது சுமார் 60 மில்லி. வற்றினால் இன்னொரு கரண்டி. எப்போது பார்த்தாலும் சட்டியின் அடியில் அரை விரல் உயரத்துக்குமேல் திரவம் இருக்கக் கூடாது. கறி நீரில் மூழ்கி வேகக் கூடாது. அடியிலிருந்து வரும் ஆவியில் வேக வேண்டும். முதுகுத் துண்டுகளைக் கடைசி 25 நிமிடத்துக்கும், ஆலிவைக் கடைசி 15 நிமிடத்துக்கும் சேருங்கள்.

நேரம் முடிய 10 நிமிடம் இருக்கும்போது ஈரலையும் சிறுநீரகத்தையும் போட்டு, ஈரலின் உள்ளே இரத்தச் சிவப்பு முழுதாக மாறியதும் எடுங்கள். உரித்த பூண்டு, ஆன்சோவி, கேப்பர், பாதி ஈரல் இவற்றை உரலில் நசுக்கி, வினிகரில் கரைத்துச் சட்டியில் ஊற்றுங்கள். குழம்பு உடனே திரண்டு பளபளக்கும். இரண்டு நிமிடம் புரட்டி, மிளகு தூவி இறக்கி, மூடி 15 நிமிடம் விடுங்கள்.

வெந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

தொடையின் கீழ் நுனியில் கறி பின்வாங்கி, எலும்பு ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியும். தடித்த இடத்தில் கத்தி நுனியை இறக்கினால் தடையில்லாமல் போகும், வரும் சாறு தெளிவாக இருக்கும். வெப்பமானி இருந்தால் 71 டிகிரி பாதுகாப்பான அளவு. ஆனால் தொடை மிருதுவாக அது போதாது. அந்தச் சூட்டுக்குப் பிறகும் சவ்வு இளக நேரம் வேண்டும்.

குக்கரில் எத்தனை விசில்?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பதில்: குக்கர் வேண்டாம். குக்கருக்குத் தண்ணீர் வேண்டும், இங்கே தண்ணீரை விரட்டத்தான் இவ்வளவு பாடு. முதுகுத் துண்டு நாராகிப்போகும், எலும்பு கழன்று குழம்பில் மிதக்கும். முதிர்ந்த முயலாக இருந்து, அடுப்பில் இரண்டு மணிநேரம் வைக்க வழியில்லை என்றால், சிவக்க வறுத்த தொடைகளை மட்டும் ஒரு டம்ளர் சாறோடு இரண்டு விசில் விட்டு, மறுபடி அகலச் சட்டிக்கு மாற்றிச் சுண்டவையுங்கள்.

மாறாக, மண்சட்டி வைத்திருப்பவர்கள் தயங்காமல் எடுக்கலாம். இத்தாலியக் கிராமங்களிலும் இது மண்சட்டிச் சமையல்தான். வறுக்கும் சூட்டுக்கு மெதுவாக ஏற்றுங்கள். கேஸ் அடுப்பில் சட்டிக்கு அடியில் இரும்புத் தகடு வைத்தால் விரிசல் விடாது. மீன்குழம்பு வைத்த சட்டி மட்டும் வேண்டாம்!

ஒயின் சேர்க்காமல் செய்ய முடியுமா?

முடியும், சுவை ஒன்றாக இருக்காது. ஒயின் தருவது புளிப்பும் லேசான பழ மணமும். 150 மில்லி கோழிச் சாறில் ஒன்றரை மேசைக்கரண்டி வினிகரும் 2 மேசைக்கரண்டி புளிப்பான பச்சைத் திராட்சைச் சாறும் கலந்து அதே இடத்தில் ஊற்றுங்கள். அப்போது கடைசியில் சேர்க்கும் வினிகரை ஒரு மேசைக்கரண்டியாகக் குறைக்க வேண்டும். புளிக்கரைசல் நிறத்தையும் மணத்தையும் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடும்.

பிரிஞ்சி இலை, நெத்திலி, கறிமசாலா: இவற்றை மாற்றாகப் போடலாமா?

பிரிஞ்சி இலை லாரல் இல்லை. இலையைத் திருப்பிப் பாருங்கள்: நடுவே ஒரே நரம்பு ஓடினால் லாரல், காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்பு நீளவாக்கில் ஓடினால் பிரிஞ்சி. பின்னது இலவங்கப்பட்டைக்கு நெருங்கிய உறவு, அதன் வாசனை பிரியாணியை நினைவூட்டும். லாரல் கிடைக்காவிட்டால் எதுவும் போடாமல் விடுங்கள். ரோஸ்மேரியும் தைமும் நீலகிரியில் விளைகின்றன, பச்சையாக வாங்குங்கள். காய்ந்த ரோஸ்மேரி என்றால் அளவில் மூன்றில் ஒரு பங்கு, துணியில் முடிந்து போடுங்கள், பல்லிடுக்கில் குத்தும்.

நெத்திலிக் கருவாடும் ஆன்சோவியும் உறவுதான். ஆனால் ஆன்சோவி உப்பில் பல மாதம் பழுத்து, எண்ணெயில் கரைந்துபோகும் பக்குவத்தில் இருக்கும். கருவாடு கரையாது, வாடை மேலே நிற்கும். இல்லையென்றால் கேப்பரைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். இஞ்சி, மஞ்சள், கறிமசாலா இவை போட்டால் நல்ல முயல் வறுவல் கிடைக்கும், இத்தாலிய முயல் கிடைக்காது.

ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது?

லிகூரியக் கடற்கரையில், முக்கியமாக சான்ரெமோ பக்கம், தஜ்ஜாஸ்கா என்னும் சின்ன ஆலிவும் பைன் பருப்பும் இல்லாமல் முயல் கிடையாது. அந்த ஆலிவ் கொண்டைக்கடலையைவிடச் சற்றே பெரிதாக, ஊதாவும் பழுப்புமாக, உறைக்காத உப்போடு இருக்கும். 80 கிராம் ஆலிவ், 30 கிராம் பைன் பருப்பு, தைம், ரோஸ்மேரி. ஒயின் பெரும்பாலும் அந்த ஊர் ரொஸ்ஸேஸே என்ற சிவப்பு ஒயின். ஆன்சோவியும் வினிகரும் இதில் வேண்டாம். பாதிப் பைன் பருப்பை ஈரலோடு நசுக்கிச் சேர்த்தால் குழம்பு பால்போலத் திரளும்.

நேப்பிள்ஸுக்கு எதிரே இஸ்கியா தீவு. எரிமலைச் சாம்பல் இறுகிய மண்ணில் மூன்று நான்கு மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, அதில் முயலை விடுவார்கள். முயல் பக்கவாட்டில் தானே வளை தோண்டி வாழும், மேலேயிருந்து புல்லும் கொடிகளும் போடுவார்கள். ஓடியாடித் திரிவதால் தசை இறுக்கம், சுவை அதிகம். கூண்டு வளர்ப்பு வந்தபின் அருகிய இந்த முறையை ஸ்லோ ஃபுட் அமைப்பு தன் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சமையல்: மண்சட்டி, முழுப் பூண்டு ஒன்று, காய்ந்த மிளகாய் ஒன்று, வெள்ளை ஒயின் 250 மில்லி, வறுத்தபின் 350 கிராம் செர்ரி தக்காளி, காட்டுத் தைம், இறக்கும்போது துளசிக்கு உறவான பேசில். நாட்டுத் தக்காளி போட்டால் விதையும் நீரும் நீக்கிவிட்டுப் போடுங்கள். சாப்பிடும் விதம் இன்னும் அழகு: குழம்பில் முதலில் புகாத்தினி என்ற ஓட்டை பாஸ்தாவைப் புரட்டிச் சாப்பிட்டு, கறி அடுத்த சுற்றுக்கு வரும். ஒரே சட்டி, இரண்டு பந்தி.

சிசிலியில் புளிப்பும் இனிப்பும். வறுத்த கறியில் வதக்கிய செலரி, வெங்காயம், பச்சை ஆலிவ், கேப்பர் போட்டு, கடைசியில் 80 மில்லி வினிகரில் 2 மேசைக்கரண்டி சர்க்கரை கரைத்து ஊற்றிச் சுண்டவிடுவார்கள். சூடாகச் சாப்பிட்டால் வினிகர் துருத்தும். மறுநாள் ஆறிய பிறகுதான் அது அதுவாகும். பியட்மாண்டில் குடைமிளகாயோடு சமைப்பது உண்டு. உம்பிரியா, மார்க்கேயில் எலும்பு நீக்கிய முழு முயலுக்குள் காட்டுச் சோம்பு, பூண்டு, பன்றிக் கொழுப்பு, ஈரல் திணித்துச் சுருட்டிச் சுடுவார்கள். எலும்பு நீக்கக் கை பழகவேண்டும், முதல் முயலில் முயல வேண்டாம்.

‘முயல் டூனா’ என்கிறார்களே, அதில் மீன் இருக்கிறதா?

இல்லை. பியட்மாண்ட் மலைக்கிராமங்களில் கறியைக் காய்கறியோடு மெதுவாக அவித்து, நார்நாராகப் பிரித்து, சேஜ் இலையும் பூண்டும் இடையிட்டு ஆலிவ் எண்ணெயில் மூழ்க வைப்பார்கள். ஓரிரு நாளில் டப்பா டூனா மீன்போல மிருதுவாகிவிடும், அதனால் அந்தப் பெயர். வெளியே வைக்காதீர்கள். எண்ணெய்க்கடியில் காற்றில்லாமல் இருக்கும் பூண்டிலும் கறியிலும் கொடிய நஞ்சை உண்டாக்கும் பொட்டுலிசம் கிருமி வளரும். மணத்தில், நிறத்தில் தெரியாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

வறண்டுவிட்டது / புளிக்கிறது / கசக்கிறது. எங்கே தவறியது?

முதுகு மட்டும் வறண்டிருந்தால் அதைத் தொடையோடு முழு நேரமும் விட்டிருக்கிறீர்கள். தொடையும் வறண்டிருந்தால் தீ அதிகம். மூடிக்கடியில் குமிழி ஒன்றிரண்டாக மட்டும் வர வேண்டும். வறண்ட கறியை எலும்பிலிருந்து பிரித்துக் குழம்பிலேயே போட்டுப் பாஸ்தாவுக்கு ஆக்கிக்கொள்ளலாம், வேறு சிகிச்சை இல்லை.

புளிப்புக்கு ஒயின் சுண்டுமுன் மூடியதே காரணம். மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். சர்க்கரை போட்டு மறைக்கப் பார்த்தால் பாதி சிசிலி, பாதி உம்பிரியாவாகி நிற்கும்.

கசப்பு மூன்று வழியில் வரும்: கருகிய பூண்டு, அளவுமீறிய ரோஸ்மேரி, உடைந்த பித்தப்பை. முதல் இரண்டும் தாங்கக்கூடிய கசப்பு.

கறி ரப்பராக இருந்தால் அது கெட்டுப்போகவில்லை, இன்னும் வேகவில்லை. முதிர்ந்த முயலாக இருக்கும்; ஒரு கரண்டி சாறு விட்டு இன்னும் 30 நிமிடம். உப்புக் கரித்தால் ஆலிவும் ஆன்சோவியும்தான். அடுத்தமுறை ஆலிவை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுங்கள்.

எதோடு பரிமாறுவது?

வடக்கே பொலெந்தா, அதாவது மக்காச்சோள மாவுக் களி. தஸ்கனியிலும் உம்பிரியாவிலும் உப்பில்லாத ரொட்டி. குழம்பின் உப்பு அதற்குச் சரியாகும். சோற்றுக்குப் பிசைய இந்தக் குழம்பு போதாது, துண்டுக்கு ஒரு கரண்டிதான் வரும். அதற்காகத் தண்ணீர் சேர்த்து நீட்டவேண்டாம். வேகவைத்த உருளைக்கிழங்கைக் கடைசி 10 நிமிடம் சட்டியிலேயே புரட்டிக்கொண்டால் நம் வீட்டுத் தட்டுக்கு ஒத்துப்போகும்.

மிச்சத்தை வைக்கலாமா?

குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள். சூடுபடுத்தும்போது மைக்ரோவேவ் வேண்டாம். சட்டியில் இரண்டு கரண்டி சாறு விட்டு, மூடி, சிறுதீயில் நன்றாகக் கொதி வரும்வரை. முதுகுத் துண்டுகளை முதல் நாளே சாப்பிட்டுவிடுங்கள், தொடையை மறுநாளுக்கு வையுங்கள்.